அரைக்கட்டை மேலே

ரொனால்டுக்கு குரு ஒரு கேசட்தான். திண்டுக்கல் பவுல்ராஜ் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு, தானே எழுதி மெட்டமைத்து, நான்கு நண்பர்களோடு பதிவுசெய்த ‘தண்டவாளத்துப் பூ’. வடமதுரைப் பக்கத்துக் கிராமத்தில் முதல் பி.ஏ. பட்டம் வாங்கியவன் ரொனால்டு. அந்தக் கேசட்டின் எட்டுப் பாட்டையும் கேட்டுக் கேட்டே கிதார் பழகினான். பவுல்ராஜ் மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் வாங்கினான்.

ஒரே ஒரு பிசகு. பழசாக வாங்கிய டேப்ரெக்கார்டர் சற்று வேகமாக ஓடியது. பாட்டெல்லாம் சுருதி அரைக்கட்டை ஏறியே ஒலித்தது. அதற்குத் தக்கபடி கிதார் கம்பியை முறுக்கியிருந்தான். அதுதான் சரியான சுருதி என்று நம்பினான்.

எண்பத்து நாலில், பவுல்ராஜின் குழுவில் சேர திண்டுக்கல் நாகல் நகருக்குப் போனான். எல்லோரும் ஒரு சுருதியில் நிற்க, இவன் கிதார் மட்டும் தனியாக அலறியது.

“ஏலே, நிறுத்து. எந்த ஊரு?” என்றார் பவுல்ராஜ்.

“வடமதுரைப் பக்கம்ணே. பி.ஏ. முடிச்சிருக்கேன்.”

“பட்டத்தோட ரெண்டு காதும் குடுத்து அனுப்பிருக்கலாம். போ அப்பு, போய் மாட்டுக்கு வாசி.”

தபேலாக்காரர் சிரித்த சிரிப்பு பஸ் ஏறும்வரை கேட்டது. அன்றே கேசட்டை உடைத்திருப்பான், பாட்டு விடவில்லை. ஆளைத்தான் வெறுத்தான்.

மூன்று வருஷத்தில், வேறொரு குழுவில் அவன் வைத்ததுதான் சுருதி என்றானது. தன் டேப்ரெக்கார்டர்தான் வேகமாக ஓடியது என்பதும் அதற்குள் தெரிந்திருந்தது. அந்தக் குழு வாசித்த மாதா கோயில் திருவிழாவுக்குச் சிறப்புப் பாடகராக பவுல்ராஜ் வந்தார். அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவர் குரல் முன்பைவிடக் கனத்திருந்தது.

“கேசட்டுல உள்ள கட்டைதானண்ணே?” என்றான்.

“அதேதான் தம்பி.”

தான் கேட்ட கேசட்டின் கட்டையை, அரைக்கட்டை மேலே, கீபோர்டுக்காரனிடம் சொன்னான். பல்லவி நகர்ந்துவிட்டது. சரணத்தின் உச்சியில் பவுல்ராஜின் குரல் கிழிந்து நின்றது. கூட்டத்தில் விசில் கிளம்பியது. அவர் தண்ணீரைத் தேட, ரொனால்டு மைக்கை வாங்கி, அவருடைய அதே மூச்சு, அதே குழைவோடு உச்சியை எட்டினான். கைதட்டல் அடங்கச் செத்த நேரமானது.

பவுல்ராஜ் அருகே வந்தார். “யாருப்பா நீ? என் பாட்டை என்னைவிட நல்லா வச்சிருக்கியே.”

இந்தக் கேள்விக்குப் பதிலை மூன்று வருஷமாய் ஒத்திகை பார்த்திருந்தான். அந்தக் கண்ணில் கோபம் இல்லாதது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“நோட்டீசுல பேரு இருக்குண்ணே. உக்காருங்க.”

மைக்கைத் திருப்பித் தரவில்லை. அடுத்ததும் பவுல்ராஜின் பாட்டுதான். அதையும் அரைக்கட்டை ஏற்றியே தொடங்கினான்.