கிழமை தெரியாத ஊரில் ஒரு தூக்கக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் காலை எட்டரை மணிக்கு "குட்நைட் ஆச்சி" என்பார்கள். சொல்வது கீழ்வீட்டுப் பெண்கள். விடிய விடிய நின்று வேலை பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் அது. நான் அப்போதுதான் இரண்டாவது காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பேன். எங்கள் நெல்லையில் பட்டப்பகலில் படுத்துக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இங்கே பதினொரு மணிக்குத் தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். காய்கறி வண்டிக்காரர்கூடக் குரலைத் தணித்துத்தான் கூவுவார்.

நெல்லை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் செவிலியாக இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மகனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவனோடு பெட்டி கட்டி வந்தேன். செல்போன் கம்பெனிகள் வந்த புதிது. நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மாணவிகளுக்குப் பதினாறு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தவள், இங்கே வந்து தண்ணீர் லாரிக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாமல் நின்றேன். விதிமுறைகளோடு ஓய்வு பெறுகிறவர்களின் கதி இதுதான். விதிமுறைகள் நம்மோடு வந்துவிடும், வார்டு வராது.

கீழ்வீட்டில் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் நான்கு பெண்கள், எல்லாரும் எங்கள் தென்பக்கம். அறை ஒன்று, பாய் இரண்டு. எந்த நேரமும் இரண்டு பேராவது ஷிப்டில் இருப்பார்கள் என்பதால் இரண்டு பாய் போதும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களில் செல்விக்கு இருபது வயது, சங்கரன்கோவில் பக்கம். அந்த வாரம் நான் எப்போது எட்டிப் பார்த்தாலும் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுறுசுறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். அவளிடமே அதைச் சொல்லவும் செய்தேன். வீட்டுக்காரம்மா எஸ்தருக்கு மட்டும் சந்தேகம் வந்தது, அதுவும் தண்ணீரை முன்னிட்டு.

"இன்னா சிஸ்டர், அந்தப் பொண்ணு தொவச்ச துணியவே தொவச்சிகினு கீது. பேயோ இன்னாவோ புடிச்சிகினு கீது அத. ஞாயித்துக்கெழம ஜெபத்துக்கு இட்டுகினு போலாமா?"

"உங்க தொட்டி காலியாவுதுன்னு நேரா சொல்லுங்க" என்றேன். எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எங்கள் இருவரில் அவள்தான் சரியாகப் பார்த்திருக்கிறாள் என்பதை இப்போது எழுதவேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. செல்வி கழுத்தில் அடையாள அட்டையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. அறைத்தோழி முருகலட்சுமி மேலே ஓடிவந்தாள்.

"ஆச்சி, நேத்தும் இப்படித்தான் பண்ணுனா. நாளைக்கும் ஏறலன்னா பேர வெட்டிருவாங்க. ட்ரெயினி அவ. கொஞ்சம் வந்து சத்தம் போடுங்களேன்."

சத்தம் போடுவது என் பதினாறு பக்கத்தில் இல்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டேன்.

"இன்னைக்கு என்ன கிழமை செல்வி?"

"பி ஷிப்ட்" என்றாள்.

நாள், நேரம் அறியும் நினைவு தவறியிருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஏதோ ஓர் ஐயத்தில் முருகலட்சுமியிடமும் கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணி, "வியாழனா ஆச்சி?" என்றாள். அன்று சனிக்கிழமை. அறைக்குள்ளிருந்து இன்னொருத்தி, "ஏட்டி, சம்பளம் போட்ட மறுநாள்லா" என்றாள். முப்பத்து மூன்று வருடமாக நான் நோயாளிகளை அளந்த கோல் இந்த ஊரில் ஆரோக்கியமானவர்களையும் வார்டில் சேர்த்துவிடும் போலிருந்தது.

அதை விட்டுவிட்டு, "செல்வி எப்போ தூங்குதா?" என்று மற்றவர்களைக் கேட்டேன். "நான் டூட்டிக்குப் போனப்பொறவு தூங்குவா" என்றாள் முருகலட்சுமி. "நான் போனப்பொறவு" என்றாள் அடுத்தவள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த மூன்றாமவளும் அதையேதான் சொன்னாள். காலண்டர் தாளைக் கிழித்து, வார்டில் போடும் தூக்கக் குறிப்பைப் போல் கட்டம் போட்டேன். யார் எப்போது அறையில் இருந்தார்கள், அப்போது செல்வி என்ன செய்தாள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்து நாள் கட்டங்களில் "தூங்கினாள்" என்று எழுத ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. நான்கு பேர் இருக்கும் அறையில் ஒருத்தி ஐந்து நாளாகக் கண்மூடாததை யாரும் அறியவில்லை. அவள் இன்னொருத்தியின் நேரத்தில் தூங்குகிறாள் என்று ஒவ்வொருத்தியும் நம்பியிருக்கிறாள்.

தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன். "செத்துப்போகணும்னு தோணுதா தாயி?"

முருகலட்சுமி என் கையைப் பிடித்தாள். "என்னத்துக்கு ஆச்சி அதக் கேக்கிய? இல்லாதத எடுத்துக் குடுக்காதீய."

இந்த நம்பிக்கை நெல்லையிலும் உண்டு, மண்ணூரிலும் உண்டு. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று கேட்காமலே இருந்துவிடுவார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் யாரையும் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தோணுது" என்றாள். பிறகு, "யார்ட்டயும் சொல்லாதீய. வேலை போயிரும். எங்கய்யா மொகத்துல முழிக்க முடியாது."

"சொல்லாம இருக்க மாட்டேன்" என்றேன். "ஆனா யார்ட்ட சொல்லப்போறேன்னு மொதல்ல உன்ட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

அவள் அழுதாள். நான் எதுவும் பேசவில்லை. குறிப்பின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது அது: மௌனத்தை நிரப்பாதே. எழுதுவது எளிது.

அதன்பின் அவளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் காட்டினோம். மருந்து கொடுத்தார், வீட்டார் கூட இருந்து தொடர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். எஸ்தர் தன் கூடத்துக் கட்டிலை ஒழித்துக் கொடுத்து, "படும்மா, யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றாள். செல்வி ஒன்பது மணி நேரம் தூங்கினாள். வாசலில் காவல் இருந்தவள் எஸ்தர். தெருவில் யாரும் செருப்புச் சத்தம் எழுப்பக்கூட விடவில்லை. செல்வியிடம் சொல்லிவிட்டு அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். மறுநாள் அய்யா வந்தார். மடியில் துண்டை வைத்துக்கொண்டு, "வேலை கெடக்கட்டும், பிள்ள கெடச்சா போதும்" என்றார். நெல்லை ஆஸ்பத்திரியிலேயே சேர்ப்பது என்று முடிவானது. இத்தகைய பயணத்துக்குத் துணை இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது வார்டு விதி. நானும் பஸ் ஏறினேன்.

நெல்லையில் நான் வேலை பார்த்த அதே பிரிவு. பணியில் இருந்த செவிலி சின்னவள், என்னைத் தெரியாது. செல்வியின் விவரங்களை அய்யாவிடம் கேட்டு எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா? எந்த ஊரு?"

இதே ஊர் வண்ணார்பேட்டை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மண்ணூர்" என்று வந்தது. "இந்தப் பிள்ளைக்குப் பக்கத்து வீடு."

"கூட வந்தவங்க வெளியேதான் இருக்கணும்." தெரியும், நான் எழுதிய விதி. செல்வி திரும்பிப் பார்த்தாள். "இங்கதான் இருக்கேன், போ" என்றேன். செவிலி அவள் தோளில் கை வைத்து அழைத்துப் போனாள். வைத்த விதம் சரியாக இருந்தது.

பிறகு கதவு சாத்தப்பட்டது. அந்தத் தாழ்ப்பாளை எத்தனையோ ஆயிரம் தடவை உள்ளே நின்று போட்டிருக்கிறேன். வராந்தா பெஞ்சில் அய்யாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் வெளியே எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.