பெரியம்மா சொன்ன ‘ஏலாது’

அந்த மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாம் வகுப்பில் பழைய போலந்து–லித்துவேனியா பற்றி நான் றெஃபெராட்டாகப் பேசிய வகுப்புரைக்கு ‘ஒன்று’ கிடைத்திருந்தது. ஜெர்மனியில் அதற்கு மேல் புள்ளி இல்லை. அந்தப் பழைய நாட்டில் பிரபுக்கள் ஊர் ஊராகச் சபை கூடுவார்கள். வெட்டவெளியில் திரண்டு அரசனையே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் நான் மயங்கியது வேறொன்றில். நாட்டுப் பெருஞ்சபையில் ஒரே ஒருவர் எழுந்து ‘அனுமதிக்கமாட்டேன்’ என்றால் போதும், மற்ற அத்தனை பேரின் முடிவும் குப்பைக்குப் போய்விடும்.

“ஒராள் ஏலாது எண்டால் ஏலாதுதான், அப்பா” என்று வீட்டில் விளக்கமும் கொடுத்தேன்.

அப்போதுதான் பெரியப்பா மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தார். இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. சில நாட்களில் மருத்துவர் எங்களை ஒரு சிறிய அறைக்கு அழைத்தார். பெரியம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும், அப்பாவினதும் சித்தப்பாவினதும் வேலைத்தளத்தோடு சரி. ஆகவே மொழிபெயர்ப்பாளர் நான். இனி அவர் எழும்பமாட்டார், இயந்திரத்தை நிறுத்துவதையே அவரும் விரும்பியிருப்பாரா என்று மருத்துவர் கேட்டார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“அண்ணை இனிக் கஷ்டப்பட வேண்டாம்” என்றார் அப்பா. சித்தப்பாவும் “ஓம்” என்றார். பிறகு, “நீங்களும் சொல்லுங்கோ, அண்ணி.”

பெரியம்மா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

“ஏலாது” என்றார்.

எனக்குப் புல்லரித்தது. இவர் அனுமதிக்கவில்லை என்று மருத்துவரிடம் என் அழகான ஜெர்மனில் அறிவித்தேன். அப்படியானால் தொடர்வோம் என்றார் அவர். அதைத் தமிழில் சொன்னதும் பெரியம்மா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், அழுதார். வென்ற சந்தோஷம் என்று நினைத்தேன்.

பெரியப்பா பல வாரங்கள் கிடந்தார். முகம் வீங்கியது, முதுகு புண்ணாகியது. பெரியம்மா தினமும் ட்ராமில் போய்ப் பக்கத்தில் இருந்தார். இல்லை, நிறுத்துங்கள் என்று திருத்திச் சொல்ல எந்த மனைவிக்கு வாய் வரும்? கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து முடிவெடுத்தது.

படி ஏற ஏலாது, பானை தூக்க ஏலாது என்று எங்கள் வீட்டில் நாள் முழுக்க விழுந்துகொண்டிருந்த சொல்தான் அது. ‘நிறுத்துங்கள்’ என்று தன் வாயால் சொல்லத் தன்னால் முடியாது என்றுதான் பெரியம்மா சொன்னார். எனக்கு அன்று போலந்து அர்த்தம் மட்டும்தான் தெரிந்திருந்தது.