மூன்றாவது தரம்

வைத்திக்குப்பத்துக் கரையில் வினோதா ஏலம் கூற ஆரம்பித்தால் எனக்குக் காது அடைத்துவிடும். அலை, எஞ்சின், காக்கை, எங்கள் வாய் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு அவள் குரல் மட்டும் மேலே நிற்கும். நான் அவளிடம் மீன் எடுத்துப் போய் ஊருக்குள்ளே சாரம் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவள். பல வருடமாக அவளோடு சண்டையும் போடுகிறவள். கரையில் ஒரு நியாயம் உண்டு. 'மூணு தரம்' என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. அப்புறம் யார் வந்து எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். "அதுவரைக்கும் வாயில என்னா வச்சினு இருந்த?" என்பாள். ஒருநாள் எனக்குத் தும்மல் வந்து வாய் திறக்க முடியாத நேரத்தில் மூணாம் தரம் விழுந்துவிட்டது. நல்ல சங்கரா மீன். கெஞ்சிப் பார்த்தேன், கல்நெஞ்சக்காரி தரவே இல்லை.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. கத்திக் கத்தி வீங்கியிருக்கிறது என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொண்டு துண்டால் மூடித் திரிந்தாள். நான்தான் திட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். இருபத்தொன்பது வயசு அவளுக்கு. அன்று பஸ்ஸில் நான் அழுதேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "மூக்க சிந்துக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

அடுத்தமுறை அவள் புருஷன் நாகராஜும் வந்தான். ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"இது மெதுவா வளர்ற வகை. சின்னதா, ஒரு பக்கத்துல மட்டும்தான் இருக்கு. பாதி தைராய்ட மட்டும் எடுக்கலாம், இல்ல முழுசா எடுக்கலாம். முழுசா எடுத்தா ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும். குரலுக்குப் போற நரம்பு ரெண்டு பக்கமும் இருக்கு, ரெண்டு பக்கமும் நாங்க கை வைக்கணும். பாதி எடுத்தா ஒரு பக்கத்தோட முடிஞ்சிடும், மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். ஆனா எடுத்தத சோதிச்சு, ரிப்போர்ட் மோசமா வந்தா மீதியையும் எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரும். மீதிய வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். உங்களுக்கு ரெண்டுமே சரிதான். எது வேணும்னு நீங்க சொல்லணும்."

"முழுசா எடுத்துடுங்க" என்றான் நாகராஜ்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்தவள், மறுபடி படுத்து எழுந்திருக்கவே இல்லை. டாக்டரம்மா வினோதாவைப் பார்த்தார். "முழுசாத்தான் மேடம்" என்றான் மறுபடி. வினோதா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு மீதி? முழுசா எடுத்துடுங்க" என்றான். "யோசிச்சு சொல்லுங்கம்மா" என்று டாக்டரம்மா ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார். வாய்க்கு வாய் பேசுகிறவள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கும் நிம்மதி இல்லை, பக்கத்தில் இருந்த எங்களுக்கும் இல்லை. ஏலத்தில் விலையை மாற்றிச் சொன்னாள். நெத்திலிக் குவியல் முன் நின்று கவலை மீன் என்றாள். தன் குரலைப் போனில் பதிந்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு அழித்தாள். ஒருநாள் படகு மறைவில் பிடித்து நிறுத்தினேன்.

"உனக்கு என்னா வேணும்? சொல்லித் தொலையேன்."

"பாதி போதும்க்கா. குரலு போச்சின்னா நான் என்னா பண்ணுவேன்?"

"அத டாக்டருகிட்ட சொல்றதுக்கு என்னா?"

"எப்பிடி சொல்றது? அவரு முழுசா முழுசான்னு மூணு வாட்டி கேட்டுட்டாரு. நான் வாயத் தொறக்கல. ஏலம் முடிஞ்சிடுச்சி. ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டு, எனக்கு மட்டும் மாத்திக்கவா?"

எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கடலில் தள்ளியிருப்பேன். "உன் கழுத்து என்னா மீன் குவியலாடி?" என்றேன். அவள் மணலைக் காலால் கிளறிக்கொண்டே, "பாதிய வச்சினு, அது திரும்பி வந்துச்சின்னா, அவரு மூஞ்சிய எப்பிடிக்கா பாப்பேன்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. மறுநாள் ஆபரேஷன். டாக்டரம்மா கட்டிலருகே வந்து, "என்ன முடிவு பண்ணீங்க?" என்றார். நாகராஜ் வாய் திறந்தான். அவர் கையமர்த்தினார். "அவங்க சொல்லட்டும். மயக்க மருந்து குடுக்கற வரைக்கும் அவங்க மனச மாத்திக்கலாம்."

வினோதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுவரைக்குமா?"

"ஆமா."

"அப்ப இன்னும் மூணாம் தரம் விழல?"

டாக்டரம்மா விழித்தார். எனக்குத்தான் புரிந்தது.

"பாதி!" என்றாள் வினோதா. கரையில் கத்துகிற குரலிலேயே கத்திவிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

"எங்கம்மாவ மறந்துட்டியா?" என்றான் நாகராஜ்.

"மறக்கலய்யா. அத்தைக்கு வந்தது வேற, இது வேற. எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா மாத்திரை முழுங்கறது நானு, கரையில கத்தறது நானு. வருஷா வருஷம் பயந்துகினே ஸ்கேனுக்குப் போறதும் நானே. போறேன்."

அவன் எழுந்து வெளியே போனான். வரமாட்டான் என்றே நினைத்தேன். டீ வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "ஸ்கேனுக்கு நான்தான் இட்டுனு வருவேன்" என்றான். பாவம், அவனும் என்னதான் செய்வான்.

மறுநாள் ஆபரேஷன் அறைக்கு வெளியே அவன் நடந்து நடந்து தரையைத் தேய்த்தான். உட்காரச் சொல்லி அவனை அதட்டிவிட்டு நான் எழுந்து நடந்தேன்.

உள்ளே விட்டபோது கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. "ஏதாவது பேசுங்க, குரல் எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. அவள் எங்களை ஒருமுறை பார்த்தாள். நாகராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தரம்" என்றாள். கரகரப்பாகத்தான் வந்தது. ஆனால் அவள் குரல்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு தரம்."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். நாகராஜ் குனிந்து, "மூணாவது?" என்றான்.

"ரிப்போர்ட் வரட்டும்யா" என்றாள் வினோதா.