குழலி இல்லாமல் ஓட ஒரு கம்ப்யூட்டர்

குழல்வாய்மொழி என்பது குற்றாலத்து அம்மனின் பெயர். அந்தப் பெயரோடு குற்றாலத்திலேயே பிறந்த எங்கள் குழலி, கல்யாணமாகி மூன்று மைல் தள்ளித் தென்காசிக்கு வந்தபிறகு ஒருநாள்கூட அருவியில் தலை நனைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சீசன் வந்தால் எங்கெங்கோ இருந்து வேன் பிடித்து வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் டைப்ரைட்டிங் பரீட்சையும் சீசன் நேரத்தில்தான் வந்து தொலைக்கும். சாரல் அடிக்கிற நாளெல்லாம் அவள் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பாள். குளிக்க வந்த சொந்தக்காரர்களுக்கு இட்லி அவித்துப் போடுவதும் அவள்தான்.

நான் அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் டீச்சர். நடத்தியவர் அவளுடைய மாமனார் பால்வண்ணநாதன். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு அவள் கிளம்பியிருப்பாள். மாமியார் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். கணவன் சிவசைலத்துக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. எண்பத்து மூன்றில் தாலி கட்டி, வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று போனவன், தீபாவளிக்கும் சீசனுக்கும் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தான். மாமனாருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. குழலி டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். பிறகு கேட்க வேண்டுமா? காலை ஆறு மணி பேட்ச் முதல் ராத்திரி விளக்கணைப்பது வரை எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

"மூச்சு முட்டுதுக்கா" என்பாள் என்னிடம். "மிஷின் சத்தம் நின்னபொறவும் காதுக்குள்ள தட்டிக்கிட்டே இருக்கு. எனக்குன்னு ஒரு வீடு, ரெண்டு பாத்திரம், அவ்வளவுதான் கேக்கேன். இது பெரிய ஆசையா?"

இல்லை என்பேன். வேறு என்ன சொல்வது?

எண்பத்து எட்டில் ஆலங்குளத்தில் யாரோ 'கம்ப்யூட்டர் கற்றுத் தரப்படும்' என்று போர்டு மாட்டினார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ் ஏறி அங்கே போக ஆரம்பித்தார்கள். பெரியவருக்குத் தூக்கம் போனது. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் குழலியைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"ஏம்மா, நாமளும் ஒரு கம்ப்யூட்டர் போட்டுருவோம். அதைச் சொல்லிக்குடுக்க ஒரு ஆளையும் வச்சிருவோம். எல்லாம் நல்லபடியா ஓடுதுன்னு ஆச்சுன்னா, நீ சிவசைலத்துகிட்ட கெளம்பு. டீச்சரும் கேட்டுக்கிடுங்க. இது என் வாக்கு."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லையாம். சந்தோஷத்தில்.

முழுசாகச் செய்து வைத்த கம்ப்யூட்டர் யானை விலை. ஆனால் மெட்ராசில் அதன் பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கும், வாங்கி வந்து மாட்டிக்கொண்டால் போதும் என்றார் சேக் மைதீன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் விற்கிறவர். மாதாமாதம் சரக்கெடுக்க மெட்ராஸ் போகிறவர். சிவசைலம் தன் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் பற்றிய இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களை அனுப்பினான். குழலி பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் புத்தகங்களைப் படித்து முடித்தாள்.

எந்தப் பாகம் வாங்குவது என்று மைதீன் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். பெரியவருக்கு டி.வி. மாதிரி இருக்கிற மானிட்டர்தான் கம்ப்யூட்டர். "கலரா, பெருசா வாங்கிருவோம்" என்றார்.

"அது மூஞ்சிதான் மாமா. பச்சை எழுத்துப் போதும்" என்றாள் குழலி.

"ஃப்ளாப்பி டிரைவ் ரெண்டு போட்டுக்கிட்டா வேலை முடிஞ்சிரும் தங்கச்சி. ஹார்ட் டிஸ்க் எதுக்கு? தேவையில்லாத செலவு" என்றார் மைதீன்.

"இல்ல அண்ணாச்சி. ஃப்ளாப்பின்னா ஒவ்வொரு தடவையும் பாத்துப் பாத்து மாத்திப் போடணும். நம்ம ஊரு ஈரத்துல பூஞ்சக்காளான் வேற புடிச்சிரும். சுவிட்சைப் போட்டா அதுவா கெளம்பணும். ஹார்ட் டிஸ்க்தான் வேணும்."

உள்ளே கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையில் இரண்டு வகை இருந்தால் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுத்து வரச் சொன்னாள். சாயங்காலம் வயல்களில் மோட்டார் போட்டால் எங்கள் தெருவில் பல்பு அழுது வடியும். லேசான சரக்கு தாங்காது. பெட்டியின் காற்றுத் துளைகள் பல்லி நுழைய முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். சாரலில் பச்சைக் களிம்பு பூக்காமல் இருக்க, கார்டு சொருகுகிற இடமெல்லாம் தங்க முலாம் பூசியதாக வேண்டும். கீபோர்டு மட்டும் தட்டினால் சத்தம் வருகிற கனத்த ரகம், டைப்ரைட்டரில் பழகிய விரலுக்கு அதுதான் ஒத்துவரும் என்றாள்.

மைதீனுக்குச் சிரிப்பு. "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரில்லா பாக்குதீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஈரமோ, பல்லியோ, வோல்டேஜோ, கை பழகாத பிள்ளையோ, எது வந்தாலும் 'குழலியைக் கூப்பிடு' என்று யாரும் சொல்லக்கூடாது. அவள் இல்லாத வீட்டில் ஓட வேண்டிய மிஷின் அது.

பாகங்கள் வந்தன. மைதீன் கடை மேஜையில் வைத்து அவளே மாட்டினாள். இரண்டு தடவை கழற்றி மாட்டியபின் திரையில் பச்சை எழுத்து வந்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். கீழப்பாவூரிலிருந்து சங்கிலிப்பாண்டி என்ற பையன், திருநெல்வேலியில் கோர்ஸ் முடித்தவன், வாத்தியாராகச் சேர்ந்தான். ஆலங்குளம் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் கம்ப்யூட்டர் ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. சரஸ்வதி பூஜைக்குச் சிவசைலம் வருவான், விஜயதசமியன்று அவனோடு கிளம்புவது என்று முடிவானது. குழலி எனக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுத்தாள். போகிறவளுக்கு நான் அல்லவா எடுத்துக்கொடுத்திருக்க வேண்டும்?

எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. டைப்ரைட்டருக்கு வெளியே பொட்டு வைத்தால் போதாது. மேல் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற இரும்புக்கும் சந்தனம், குங்குமம், திருநீறு வைத்து, மாவிலையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேலை செய்வது உள்ளே இருப்பதுதானே, மரியாதை அதற்குத்தானே என்பார் பெரியவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அன்றைக்குக் குழலி பின்கட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் சங்கிலிப்பாண்டியை விட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் திருகுகளைக் கழற்ற வைத்து, உள்ளே மதர்போர்டில் இருந்த ஒவ்வொரு கறுப்புச் சில்லுக்கும் மங்கிய கண்ணை வைத்துக்கொண்டு பக்தியாகச் சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். திருநீற்றை அள்ளிப் பூசினார். தண்ணீரும் தெளித்தார். அந்தப் பையனும் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறான். நான் வந்து சேர்ந்ததே சூடம் காட்டும்போதுதான். காட்டி முடித்ததும் சுவிட்சைப் போட்டார்கள். திரை கறுப்பாகவே இருந்தது.

சங்கிலிப்பாண்டி கையைப் பிசைந்தான். "எனக்கு உள்ள உள்ளதெல்லாம் தெரியாதுய்யா. மெட்ராசுக்குத்தான் அனுப்பணும்."

எல்லோரும் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

நான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்தேன். "தொடாத குழலி. தொட்டா நீ மாட்டிக்கிடுவ."

அவள் அடுப்பை அணைத்தாள். "தொடலைன்னா சரி பண்ணிட்டுப் போன்னு உக்கார வைப்பாக. தொட்டா இவதான் சரி பண்ணுவான்னு உக்கார வைப்பாக. எதுல போனாலும் இங்கனதான் வந்து நிக்கும். மாமா வாக்குக் குடுத்திருக்காக. அதை நம்பித்தான் தொடப்போறேன்."

பக்கத்து டாக்டரிடம் ஸ்பிரிட் வாங்கி வந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மதர்போர்டு முழுக்கத் தேய்த்தாள். சொருகியிருந்த கார்டுகளை எல்லாம் பிடுங்கித் துடைத்தாள். வெளியே ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டிருந்தது, வெயிலுக்கு வழியில்லை. எரிகிற பல்புக்கு அடியில் பிடித்து உலர்த்தினாள். சாயங்காலம் சிவசைலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அவள் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. பச்சை எழுத்து வந்தது.

இனி பெரியவர் விடவே மாட்டார் என்று நினைத்தேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் புத்திகெட்ட வேலைக்கு ஒன்னைய கஷ்டப்படுத்திட்டேம்மா. ஆனா சொன்னது சொன்னதுதான். நாளைக்கு ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார்.

குழலி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

சிவசைலம் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "எதுக்குப்பா அவசரம்? உள்ள கை வைக்க இவளுக்குத்தானே தெரியுது. அந்தப் பையனை நம்பி எப்படி விடுதது? இன்னும் ஒரு வருசம் இருக்கட்டுமே" என்றான்.

குழலி கேட்டாள். "பெங்களூர்ல வீடு பாத்திருக்கீயளா?"

"பாக்கணும்."

"எத்தனை வீடு போயிப் பாத்தீய, இதுவரைக்கும்?"

அவன் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபிரெண்ட்ஸுங்க நாலு பேரா இருக்கோம்ளா. மெஸ் சாப்பாடும் பழகிட்டு. நீ இங்கன இருக்கதால எனக்கு ஒரு கவலையும் இல்ல."

பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னான். அவனை அறையலாம் போல இருந்தது எனக்கு. சம்பளம் வாங்குகிற டீச்சர், சூடத் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனேன்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேரும் பிள்ளைகள் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். முதல் பாடம் குழலிதான் எடுத்தாள். மத்தியானம் சிவசைலம் தனியாகப் பெங்களூர் கிளம்பினான். அவள் வாசல்வரை வந்தாள், அதற்குமேல் வரவில்லை. அவன் தெரு திரும்பியதும் பெரியவர் தடவித் தடவி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் ஒன்னையப் போக விட்டுட்டேனேம்மா" என்றார்.

"ஆமா மாமா. நீங்க விட்டுட்டீய" என்றாள் குழலி.