சத்யப்ரியா பிளக்கைப் பிடுங்குகிறாள்

என் மனைவி சத்யப்ரியா எந்த மின்சாதனத்தையும் சும்மா நம்பி வாங்கியதில்லை. கடையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பாள். கொல்கத்தா சாந்தினி சௌக்கில் அவளைக் கண்டாலே கடைக்காரர்கள் பிளக்கை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். என்னை மட்டும் எப்படிச் சோதிக்காமல் கட்டிக்கொண்டாள் என்று நான் வியப்பதுண்டு. பெண் பார்க்கப் போன அன்று நடுவில் கரண்ட் போனதைத் தவிர எனக்கு ஒரு சங்கடமும் நேரவில்லை.

பவானிபூரில் ஒரு ரத்த வங்கியில் அவளுக்கு வேலை. ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. பழைய சர்வர் திணற ஆரம்பித்ததும் புதிது வாங்க முடிவாயிற்று. செயலாளர் பிமல் பாபுவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் காதல். உள்ளே நீல விளக்கு மினுக்கும், படுவேகம். இவள் கேட்டதோ ஓர் அழுமூஞ்சிக் கறுப்புப் பெட்டி. அது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதும். கரண்ட் போனாலும் எழுத எடுத்ததை எழுதி முடித்துவிட்டுத்தான் அணையும்.

"கண்ணாடிப் பெட்டிதான்னா நான் வேலைய விட்டுடறேன்," என்றாள் வீட்டில். "ரத்தம் வேணும்னு ஓடி வர்றவங்ககிட்ட, பேர் நேத்து இருந்துது, இன்னிக்குக் காணோம்னு என்னால சொல்ல முடியாது."

எனக்குக் கவலையாகிவிட்டது. அந்த வேலையென்றால் அவளுக்கு உயிர். அது இல்லாவிட்டால் என்னைத்தான் உட்காரவைத்துப் பழுதுபார்ப்பாள்.

இரண்டு பெட்டிகளும் சோதனைக்கு வந்த அன்று எனக்கு லீவு. வேடிக்கை பார்க்கப் போனேன். முதலில் கண்ணாடிப் பெட்டி. ஊழியர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைப் பதிந்தார்கள். கடைசியாகப் பிமல் பாபு தம் பெயரைத் தட்டினார். 'பதிவாகிவிட்டது' என்று திரையில் வந்ததோ இல்லையோ, சத்யப்ரியா பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுபடி போட்டால் எல்லார் பெயரும் இருந்தது, பிமல் பாபு பெயரைத் தவிர.

"ஆமி கோத்தாய்?" நான் எங்கே என்று கேட்டபடி திரையை மேலும் கீழும் தேடினார் மனிதர்.

"அது எழுதவே இல்ல, பிமல்தா. எழுதிட்டேன்னு பொய் சொல்லிடுச்சு," என்றாள் இவள் பெங்காலியில்.

அடுத்தது கறுப்புப் பெட்டி. இந்த முறை பெயரைப் பதிந்ததும் பிளக்கை அவரே பிடுங்கினார். திரும்பப் போட்டதும் அவர் பெயர் அப்படியே இருந்தது. நம்பாமல் மறுபடியும் பதிந்தார், மறுபடியும் பிடுங்கினார். பெயர் எங்கேயும் போகவில்லை. கைதட்டிச் சிரித்தார். கறுப்புப் பெட்டிக்கே ஆர்டர் போடச் சொல்லிவிட்டு எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு வரவழைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்று கூடுதலாகவே சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டேவிட்டேன். "ஆமா, என்னை மட்டும் ஏன் சோதிக்கல?"

"யார் சொன்னா?" என்றாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மெயின் சுவிட்ச அணைச்சதே நான்தான். மறுபடி போட்டதும், விட்ட இடத்துலேர்ந்து கரெக்டா பேச ஆரம்பிச்சீங்க."