நீமாவின் கார்டும் மூன்றரை வட்டியும்

1. வெள்ளிக்கிழமை கெடு

"மேடம், அந்தப் பொண்ணு காத்தாலேர்ந்து குந்திகினு கீது. டோக்கனும் எடுக்கல. இன்னான்னு நீங்களே கேளுங்க."

சொன்னது எங்கள் கிளையின் சப்-ஸ்டாஃப் மூர்த்தி. எட்டிப் பார்த்தால் நீமா. தான்சானியாவிலிருந்து எம்எஸ்சி படிக்க வந்தவள்.

தாம்பரத்தில் எங்கள் கிளைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவது புதிதல்ல. ஜிஎஸ்டி ரோடு நெடுக காலேஜ்கள்தானே. அவர்களுக்குக் கணக்கு திறக்கும் வேலை ஓய்வு பெறும்வரை என் மேஜையில்தான் இருந்தது. அதற்கு முன்னால் வருஷக்கணக்காக நகைக் கடன் பார்த்தவள் நான். பொறுமை கிடையாது. மூர்த்தியைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வான்.

நீமாவுக்கு கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இந்த ஊரில் அவளுக்கு கிரெடிட் ஸ்கோரே கிடையாது, எந்த பேங்க்கும் சும்மா கார்டு தராது. அவள் அப்பா கடைசி செமஸ்டர் ஃபீஸை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். "அதை எஃப்டியில போடு, அதுமேல கார்டு வாங்கு. மாசாமாசம் கொஞ்சமா செலவு பண்ணி முழுசாக் கட்டு. ஸ்கோர் தானா ஏறும்" என்றேன். படிப்பு முடிந்து இங்கேயே வேலை தேடும் எண்ணம் அவளுக்கு.

அன்றைக்கு எஃப்டியை உடைக்க வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஃபீஸுக்குக் கடைசி நாள். ஃபீஸ் கட்டாவிட்டால் காலேஜ் சர்டிபிகேட் தராது. சர்டிபிகேட் இல்லாவிட்டால் விசா நீட்டிப்பு கிடையாது. மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் சிஸ்டம் எஃப்டியை விடவில்லை. கார்டு பாக்கி தீரும்வரை எஃப்டி பேங்க்கின் பிடியில். பாக்கியோ கிட்டத்தட்ட எஃப்டி அளவுக்கே நின்றது.

"அடிப்பாவி, என்னத்தம்மா வாங்கின?"

"ஃப்ரிட்ஜ் மேடம்."

"உனக்கெதுக்கு அவ்ளோ பெரிய ஃப்ரிட்ஜ்?"

"எனக்கு இல்ல. எட்வின் அங்கிளுக்கு. ஹவுஸ் ஓனர். நம்ம பேங்க் கார்டுக்கு ஆஃபர் இருந்துச்சுல்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். நம் பக்கத்தில் பண்டிகை வந்தால் அடுத்தவர் கார்டைக் கேட்பது காபிப்பொடி கேட்பது மாதிரி. "உங்ககிட்ட இந்த பேங்க் கார்டு இருக்கா? ஆஃபர் வருதாம்." யாரும் அதைக் கடன் என்றே நினைப்பதில்லை.

"அங்கிள் கரெக்டா கட்றார் மேடம். ஒரு மாசம்கூட லேட் இல்ல" என்றாள் நீமா அவசரமாக.

ஸ்டேட்மென்ட்டைத் திறந்தேன். உண்மைதான். பில் வந்த மறுநாளே பணம் வந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் மினிமம் ட்யூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை, பைசா சுத்தமாக. அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை.

"இதுதான் இஎம்ஐன்னு யாரு சொன்னது?"

"இஎம்ஐ போட்டுக்கலாம்னு ஷோரூம்ல சொன்னாங்க. பில்லுல ரெண்டு நம்பர் வரும்ல? சின்ன நம்பர்தான் இஎம்ஐன்னு அங்கிள் சொன்னார்."

இஎம்ஐயாக மாற்ற பேங்க்குக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. அவர் கட்டியதெல்லாம் பெரும்பாலும் வட்டிக்கே போயிருந்தது. ஃப்ரிட்ஜ் விலை இறங்கவே இல்லை.

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வா" என்றேன்.

"வேணாம் மேடம், ப்ளீஸ். அங்கிளுக்குத் தெரிய வேணாம்." அவள் கண் கலங்கிவிட்டது. "வீடு தேடி சேலையூர், மாடம்பாக்கம் எல்லாம் அலைஞ்சேன். போன்ல சரின்னு சொல்வாங்க. நேர்ல என்னைப் பாத்ததும் ஆள் வந்தாச்சுன்னு சொல்வாங்க. அங்கிள் மட்டும்தான் ஒண்ணும் கேக்கல. எனக்கு டெங்கு வந்தப்ப அவர் வைஃப் ரூபி ஆன்ட்டிதான் கஞ்சி குடுத்தாங்க. நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டுக்கறேன்."

"எந்த ஃப்ரெண்டு உனக்கு இவ்ளோ பணத்த எடுத்து நீட்டப் போறான்? நீ கூட்டிட்டு வரலன்னா நானே அவர் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு போட்டேன்.

2. எட்வின் சார்

மறுநாள் வந்தார். கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். மேனேஜர் லீவு. அவர் கேபினில் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். ஹாலில் வைத்துப் பேசுகிற விஷயம் இல்லை இது.

"என்ன மேடம், ரெண்டு நாளா பொண்ணு மொகமே சரியில்ல. நான் ஒரு மாசம்கூடத் தவறலையே. ரசீதெல்லாம் ஃபைல்ல இருக்கு. சர்வீஸ் முழுக்க ஒரு லோன் போட்டவன் கிடையாது நான்."

ஃபைனான்ஸ் சார்ஜ், வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று விளக்கினேன். தலையாட்டினார். ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. கடைசியில் நகைக் கடன் கவுண்டர் பாஷைக்கு வந்தேன்.

"சார், நூத்துக்கு மாசம் மூணரை வட்டி."

"என்னது?" எழுந்தே விட்டார். "இது தண்டல்காரன் வாங்கற வட்டியாச்சே! பேங்க்லயா?"

"ஆமா சார். சின்ன நம்பர் மட்டும் கட்டினா அப்படித்தான்."

"அப்போ ஃப்ரிட்ஜ் காசு?"

"அப்படியே நிக்குது."

"அங்கிள், பரவால்ல அங்கிள், நான் பாத்துக்கறேன்" என்று நீமா அவர் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரும்மா." என் பக்கம் திரும்பினார். "இதனால இந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். ஃபீஸ், வெள்ளிக்கிழமை, விசா, எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். மூர்த்தி கொண்டுவந்த தண்ணீரை ஓரமாக நகர்த்திவிட்டு, ஃபைலில் இருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நான் கடன்காரன்னு எனக்கே தெரியலையே மேடம்."

அன்று மதியமே ரூபியம்மாவின் செயின் எங்கள் நகைக் கடன் கவுண்டருக்கு வந்தது. அங்கே நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டிதான். கார்டு பாக்கியை வட்டியோடு முழுசாகக் கட்டினார். எஃப்டி விடுபட்டது, கெடுவுக்கு முன்னால் ஃபீஸ் போனது, விசா நீட்டிப்பும் வந்தது. விசா வந்த அன்று மூர்த்திக்கு நான் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

3. புது முகவரி

இரண்டு மாதம் கழித்து நீமா வந்தாள். கணக்கில் முகவரி மாற்ற வேண்டுமாம். கூடுவாஞ்சேரியில் ஒரு ரூமில் ஐந்து பெண்கள்.

"ஏன், எட்வின் சார் வீடு என்னாச்சு?"

"வேற வீடு பாத்துக்கச் சொன்னார் மேடம்."

எனக்கு வந்ததே கோபம். "அந்த மனுஷனுக்கு எவ்ளோ திமிரு! இரு, இப்பவே போன் போடறேன்."

"வேணாம் மேடம். கோவம் இல்ல. அழுதார். 'உன் மொகத்தப் பாக்க முடியல நீமாம்மா, உன் காசுல ஃப்ரிட்ஜ் வாங்கி உன்னையே ஊருக்கு அனுப்பப் பாத்தேனே'ன்னார். ஆன்ட்டி அந்த ஃப்ரிட்ஜைத் தொடறதே இல்ல. நான் இருந்தா அவங்க ரெண்டு பேரும் சாப்பிடக்கூட மாட்டேங்கறாங்க."

எடுத்த போனைக் கீழே வைத்தேன். நான் செய்தது தப்பில்லை. இப்போதும் அதையேதான் செய்வேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கார்டு கொடுக்கும் அன்றைக்கே மினிமம் ட்யூ என்றால் என்னவென்று சொல்லிவிடுங்கள். சதவீதத்தில் சொல்லாதீர்கள், நூற்றுக்கு மாதம் எத்தனை வட்டி என்று சொல்லுங்கள், புரியும். பண்டிகைக்கு யாராவது கார்டு கேட்பார்கள், அவர்களும் நல்லவர்களாகவே இருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முகவரியை மாற்றிக் கொடுத்தேன். அவளைத் தேற்ற வேண்டுமே என்று ஸ்கோரை எடுத்து ஸ்க்ரீனை அவள் பக்கம் திருப்பினேன். பாக்கி தீர்ந்ததும் ஜம்மென்று ஏறியிருந்தது.

"பாரும்மா! என் ஸ்கோர்கூட இவ்ளோ இல்ல. இனிமே பேங்க்காரனுங்களே உன்னைத் தேடி வருவானுங்க."

நீமா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"இதைக் காட்டினா வீடு குடுப்பாங்களா மேடம்?"

"இல்லம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஸ்கோர் ஏற்றுவது எப்படி என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் வீடு கிடைக்க அவள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.