இன்சிடெண்ட்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில், இங்கிலீஷ் பாடத்தோடு மகள் வந்தாள். "இன்சிடெண்ட், ஆக்சிடெண்ட் ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

காதில் விழுந்ததுமே சுண்ணாம்பு நாற்றம் அடித்தது. ஆம்பூரில் அப்பா தோல் பதனிடும் டேனரியிலிருந்து வரும்போது அவருக்கு முன்னால் அந்த நாற்றம் வரும். வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் என்னைத் தூக்குவார். ஒருநாள் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர், விஷவாயு தாக்கி உள்ளேயே இறந்துபோனார்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். துவைத்தும் நாற்றம் போகாத அப்பாவின் லுங்கி கொடியில் கிடந்தது.

"ஆக்சிடெண்ட்னு சொன்னா யார் தப்புன்னு கேப்பாங்கம்மா. பேஜாரு. யார் வந்தாலும் இன்சிடெண்ட்னு சொல்லு. ஏதோ நடந்துபோச்சு, அவ்ளோதான்."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அழுகைக்கு நடுவே அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகளுக்கு வித்தியாசத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா முந்திக்கொண்டாள்.

"ரெண்டும் வேற பாப்பா. ஆக்சிடெண்ட்னா ரோட்ல ஆவறது. உங்க தாத்தாவுக்கு ஆனது இன்சிடெண்ட்."